அந்த ஆறு விநாடியை வெட்டாதீர்கள்

தமிழ்ச் சேனல்களில் காமெடி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், ராத்திரி கண் விழித்து அதை எடிட் செய்கிறவர்களுக்கும்,

வணக்கம். எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட கடிதம் இது. போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் தம்பியின் காமெடியை டிவியில் வெட்டிக் காட்டின அந்தப் பேச்சு மறுபடியும் வந்தது, சரி, இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குறை கண்டுபிடிப்பதற்காகவே டிவி பார்க்கிற ஆள் இல்லை நான். 2005-ல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' ஆரம்பித்தபோது ஹாஸ்டலில் இருந்தேன். ஒரே ஒரு டிவி, அறுபது பெண்கள், ரிமோட்டுக்கு தினமும் சண்டை நடக்கும், அந்த நிகழ்ச்சி வருகிற நேரத்தில் மட்டும் சண்டையே இருக்காது. அதற்கு முன்னால் டிவியில் காமெடி என்றால் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டின காட்சிகள்தான். யாரென்றே தெரியாத ஒரு பையன் ஏதோ ஓர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, கையில் ஒரு மைக்கோடு தனியாக நின்று, ஐந்து நிமிடத்தில் எங்களை உருள வைப்பான் என்பதை முதல் தடவையாக அங்கேதான் பார்த்தோம். எங்கள் திருச்சியில் படித்த சிவகார்த்திகேயன் அந்த மேடையிலிருந்துதான் வந்தார். ரோபோ சங்கர், மதுரை முத்து, அப்புறம் வந்த அறந்தாங்கி நிஷா, எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். சினிமாவில் ஒரு மாமா, ஒரு சிபாரிசு இல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது நீங்கள் போட்ட மேடையால்தான், அதை நான் எந்த இடத்திலும் மறக்கமாட்டேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இனி என் தம்பி விஷயம். சித்தி பையன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கல்லூரியிலிருந்தே மைக் பிடிக்கிறவன். அவனுடைய ஒரு ஐட்டத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

பையனுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. அப்பா அவனை டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்காரவைத்து, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. 22 வருஷமாகவே அவ்வளவு பேசினதில்லை. பஸ் கிளம்பிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வருகிறார். அப்பா ஓடி இவன் பார்த்ததே இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்துகிறார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறார். பையனுக்குக் கண் கலங்குகிறது, இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்லப்போகிறார் என்று.

இந்த இடத்தில் தம்பி பேச்சை நிறுத்திவிடுவான். ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்க, அப்பாவாகவே நிற்பான். ஆறு விநாடி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். அப்புறம் மெதுவாக:

"ரூம்ல ஃபேன ஆஃப் பண்ணியா?"

தில்லைநகரில் ஒரு சின்ன ஹாலில், எண்பது பேருக்கு நடுவில் இதைச் செய்தபோது கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் பெரிய சிரிப்பு அதற்கு அப்புறம்தான். தம்பி இப்போது பையனாக மாறி, பதில் சொல்ல வாயைத் திறப்பான், திறந்த வாய் அப்படியே நிற்கும், கண் மெதுவாக மேலே போகும், ஆஃப் பண்ணினோமா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அந்த முகத்தில் தெரியும். ஒரு வார்த்தை கிடையாது. முதலில் முன் வரிசையில் ஒரு ஆள் சிரிப்பார், அப்புறம் பின்னால் பரவும், அப்புறம் நிற்கவே நிற்காது. சித்தப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நெஜமாவே ஓடுனேன் சார், கரன்ட் பில்லு யாரு கட்றது?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

இதே ஐட்டத்தோடுதான் தம்பி ஒரு சேனலில் தேர்வானான். எந்தச் சேனல் என்று சொல்லப் போவதில்லை. இனி நான் சொல்லப்போகிறது ஒரு சேனலோடு நிற்கிற பழக்கமும் இல்லை, வாராவாரம் பார்க்கிறவளுக்குத் தெரியும்.

ஒளிபரப்பான அன்றைக்கு வீட்டில் பதினைந்து பேர் இருந்தோம். அப்பா ஓட ஆரம்பித்ததுமே வயலின் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற இடத்தில் வயலின் அழுதது. ஆறு விநாடி ஒன்றரை விநாடியாகிவிட்டது, அந்த ஒன்றரை விநாடியிலும் தம்பி முகம் இல்லை, உருக்கமாகப் பார்க்கிற நடுவர் முகம் இருந்தது. "ஃபேன ஆஃப் பண்ணியா" என்றதும் ஒரு 'டொய்ங்' சத்தம், திரையின் மூலையில் ஒரு பொம்மை ஃபேன் சுற்றியது. உடனே நடுவர் மேசையைத் தட்டிச் சிரிப்பது, தொகுப்பாளர் கீழே விழுந்து சிரிப்பது, ஆடியன்ஸில் மூன்று முகங்கள். இதெல்லாம் முடிந்து கேமரா தம்பியிடம் திரும்பியபோது அவன் அடுத்த ஐட்டத்தின் நடுவில் இருந்தான். வாய் திறந்து நிற்கிற அந்த முகம், கண் மேலே போகிற அந்த இடம், எதுவும் இல்லை. ஸ்டூடியோவில் அவன் அதைச் செய்தான். நான் அங்கே உட்கார்ந்து பார்த்தேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "எதுக்குடா அழுவாச்சி மியூசிக் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். தம்பி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனான். அன்றைக்கு ராத்திரி முழுக்க போன் வந்துகொண்டே இருந்தது, "டிவில வந்துட்டப்பா" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சிரிப்பு வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"டிவிக்கு ஸ்டாண்ட் அப் செட் ஆகாது, அது நேரில் பார்க்கிற சமாச்சாரம்" என்று பலர் சொல்கிறார்கள். ஸ்டாண்ட் அப் என்றால், தம்பி மாதிரி ஒரு ஆள் மைக்கோடு தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பது. உங்களில் சிலரே பேட்டிகளில் அப்படிப் பேசுகிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. டிவிக்கு ஒத்துவராததாக அதை மாற்றி வைத்திருக்கிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள், ஒரு ஆளின் முகத்தை வீட்டுக் கூடத்துக்குள் இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிற சாதனம் வேறு என்ன இருக்கிறது? ஹாலில் பின் வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தம்பியின் கண் மேலே போவது சரியாகத் தெரியாது. டிவியில் தெரியும். ஒரு க்ளோசப் போதும். நேரில் பார்ப்பதைவிட டிவி ஒரு படி மேலே போகிற இடம் அதுதான், நாம் சரியாக அந்த இடத்தில்தான் கேமராவை நடுவர் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

தொழில் தெரிந்தவர்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, பார்க்கிறவளாக எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஜோக்கின் பாதி வேலை பஞ்ச், அதாவது சிரிக்க வைக்கிற அந்தக் கடைசி வரி, வருவதற்கு முன்னால் இருக்கிற காத்திருப்பில் நடக்கிறது. அந்த நேரத்தில் கேட்கிறவர் மனசுக்குள் ஒரு பதில் தயாராகிறது, இந்த அப்பா "பாத்து இருடா" என்று சொல்லப்போகிறார் என்று. அந்தப் பதில் முழுசாகத் தயாரானால்தான் அது உடையும்போது சிரிப்பு வரும். வயலின் போட்டால் அந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். விநாடியை வெட்டினால் அது தயாராகவே நேரமில்லை. எடிட்டிங் டேபிளில் அது 'கேப்' மாதிரி தெரியும், சத்தமில்லாத இடம் என்றால் ரிமோட் மாறிவிடும் என்கிற பயம் இருக்கும், வியாழக்கிழமை வருகிற ரேட்டிங் தலைமேல் தொங்கும், எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் நடந்ததை நான் பார்த்தேன். தம்பி பேச்சை நிறுத்திய அந்த ஒன்றரை விநாடிதான் பதினைந்து பேரும் அசையாமல் இருந்த நேரம். 'டொய்ங்' சத்தமும் பொம்மை ஃபேனும் வந்தபிறகுதான் ஒருவர் போனை எடுத்தார்.

அடுத்தது, சிரிப்புச் சத்தம். பதிவு நடந்த அன்றைக்கு நானும் தம்பியோடு போயிருந்தேன், ஆடியன்ஸில் உட்காரவைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேனில் அழைத்து வரப்பட்டவர்கள் கையில் ஆளுக்கொரு டிபன் பொட்டலம். மேடையில் யாரும் இல்லை. ஹெட்செட் மாட்டின ஒரு பையன் முன்னால் வந்து நின்று, "எல்லாரும் சிரிங்க... இன்னும் நல்லா... இப்ப கைதட்டிக்கிட்டே சிரிங்க... இப்ப வாயில கைய வெச்சு ஆச்சரியமா பாருங்க" என்று சொல்லச் சொல்ல, இரண்டு கேமராக்கள் வரிசை வரிசையாக முகங்களை எடுத்துக்கொண்டு போயின. இருபது நிமிடம். என் பக்கத்தில் இருந்த பாட்டி பாவம், ஆச்சரியத்துக்குப் பதிலாகக் கும்பிட்டுவிட்டார். அதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. கேமரா அப்போது என்மேல் இருந்திருக்கிறது.

அந்தச் சிரிப்பு எங்கே வந்தது தெரியுமா? வேறொரு போட்டியாளர், பெண்டாட்டி கறுப்பு, கரன்ட் போனால் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது என்று ஒரு ஜோக் சொன்னார். ஸ்டூடியோவில் எனக்கு அது பிடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒளிபரப்பில் அந்த ஜோக் முடிந்ததும் என் முகம், முழுத் திரைக்கு, வாய்விட்டுச் சிரிக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண், அவளும் கறுப்புதான், மறுநாள் சாப்பிடும்போது, "அக்கா, உங்கள டிவில பாத்தேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. பாட்டி கும்பிட்ட கதையை அவளிடம் சொன்னேன். நம்பினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் முகத்தை எடுத்து நான் சிரிக்காத ஜோக்குக்கு ஒட்டினீர்களே, அதற்கு நான் எங்கே போய் விளக்கம் சொல்ல? இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆடியன்ஸ் முகம் உங்கள் கையில் இருக்கிற வெறும் துண்டுப் படம் கிடையாது.

கடன் வாங்கின சிரிப்பு புதிதல்ல என்று எனக்கும் தெரியும். 1950-களிலேயே அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்கிற ஒலிப் பொறியாளர் விதவிதமான சிரிப்புகளைப் பதிவு செய்து, தட்டச்சு இயந்திரம் மாதிரி பட்டனைத் தட்டினால் சிரிக்கிற பெட்டியே செய்துவைத்தார். பல வருஷம் அங்கே தொடர்களுக்கெல்லாம் அதுதான் சிரித்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள், நாடகத் தொடரில் கதை இருக்கிறது, சிரிப்பு பொய்யாக இருந்தாலும் கதை ஓடும். ஸ்டாண்ட் அப்பில் நின்று பேசுகிற ஆளும் எதிரில் இருக்கிற கூட்டமும் தவிர வேறு எதுவுமே இல்லை. கூட்டம் சிரிக்கிற அளவை வைத்துத்தான் அவர் அடுத்த வரியை எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிறார். அந்தச் சத்தத்தைப் பின்னால் மாற்றினால் அவருடைய டைமிங் முழுக்கத் தப்பாகத் தெரியும், வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, "இவன் சுமார்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கெட்ட பெயர் அவனுக்கு.

உங்கள் அரங்கத்தையும் ஒரு தடவை ஸ்டாண்ட் அப் செய்கிறவன் கண்ணால் பாருங்கள். உயரமான கூரை, மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் பளபளவென்று ஒரு மைதானம், கூட்டத்தின்மேலும் வெளிச்சம். சிரிப்பு ஒட்டுவாரொட்டி. இருட்டில் நெருக்கி உட்கார்ந்தால் ஒருவர் சிரித்தால் பத்துப் பேருக்குப் பரவும். வெளிச்சத்தில், கேமரா பார்க்கிறதே என்கிற கூச்சத்தில், காலையிலிருந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிற கூட்டத்திடம் நிஜமான சிரிப்பு எப்படி வரும்? வராததால்தான் ஒட்டவேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் இதை டிவியிலேயே சரியாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜானி கார்சன் 1962-லிருந்து 1992 வரைக்கும் நடத்திய 'டுநைட் ஷோ'வில் ஒரு புதுப் பையன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து தனியாக நிற்பான், ஐந்தாறு நிமிடம் பேசுவான். கார்சன் தன் மேசையில் இருப்பார், நடுவில் வந்து கமென்ட் அடிக்கமாட்டார். முடிந்ததும் பிடித்திருந்தால் தன் பக்கத்து சோஃபாவுக்கு அழைப்பார், அந்த ஒரு அழைப்பு போதும், அடுத்த நாள் அவன் வாழ்க்கையே வேறு. ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1981-ல் முதல் தடவை அங்கே நின்றவர்தான். அங்கே எச்பிஓ என்கிற சேனல் 1975-ல் ஒரே ஆளின் மேடைப் பேச்சை முழு நிகழ்ச்சியாகவே காட்ட ஆரம்பித்தது. ஜார்ஜ் கார்லின் என்கிற காமெடியன் அந்தச் சேனலுக்கு மட்டும் 1977-லிருந்து 2008 வரைக்கும் 14 நிகழ்ச்சிகள் செய்தார். ஒரு ஆள், ஒரு மைக், பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதையும் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

அமெரிக்காவையெல்லாம் விடுங்கள், நம்மிடமே இருக்கிறது. பொங்கல், தீபாவளி காலையில் சன் டிவியில் வருகிற பட்டிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலமன் பாப்பையா நடுவில் உட்கார்ந்திருக்க, ராஜா எழுந்து வந்து வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். பாரதி பாஸ்கர் பதிலுக்கு வருவார். இட்லி ஆறிப்போகிற அளவுக்குக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். அங்கே பொம்மை ஃபேன் சுற்றுவதில்லை. கேமரா பேசுகிறவர்மேல் பொறுமையாக நிற்கிறது, கூட்டத்தைக் காட்டினால் அந்தக் கூட்டம் அந்த வரிக்குச் சிரிக்கிறது. நடுவரும் கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறார், பேச்சை உடைப்பதில்லை. ராஜா சொல்கிற பல கதைகள், தலைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், அசல் ஸ்டாண்ட் அப். தமிழ்க் குடும்பங்கள் பத்து நிமிடம் ஒரே ஆள் பேச்சைக் கேட்காது என்று யார் சொன்னது? நம் ஆட்கள் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஊர் வம்பை இழுத்துப் பேசுவதை விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள். என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டையும் காலட்சேபத்தையும் எடுத்துச் சிரிக்க வைத்தபோது கேட்டவர்கள். கேட்கிற காது நம்மிடம் என்றைக்கும் இருந்திருக்கிறது.

உங்கள் பக்கமே ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 'அது இது எது'வில் வந்த 'சிரிச்சா போச்சு' சுற்று. எதிரில் இருக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது, சிரித்தால் அவுட். வடிவேல் பாலாஜி ஒரு கெட்டப்பில் உள்ளே வருவார், நாற்காலியில் இருக்கிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தரையைப் பார்ப்பார். அங்கே எதிராளியின் முகத்தைக் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த முகத்தில் நடக்கிற போராட்டம்தான் ஆட்டமே, அது நிஜமாகவும் நடக்கிறது. டிவிக்கென்றே யோசித்த வடிவம் அது, அதனால் டிவியில் ஜெயித்தது. 'அசத்தப் போவது யாரு'வில் நடுவராக இருந்த மதன் பாப் சிரித்ததும் அப்படித்தான், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அவராலேயே நிறுத்த முடியாது, அதைப் பார்த்து நமக்கும் வரும். ஆக, ரியாக்‌ஷன் ஷாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜமாக நடந்ததை நடந்த இடத்தில் வையுங்கள் என்கிறேன். வடிவேல் பாலாஜி 2020-ல் போய்விட்டார், ரோபோ சங்கரும் மதன் பாப்பும் 2025-ல் அடுத்தடுத்த மாதங்களில் போய்விட்டார்கள். அவர்கள் பழைய எபிசோடுகளை இப்போது போட்டுப் பார்க்கும்போது, சத்தம் சேர்க்காத இடங்கள்தான் இன்னும் புதிதாக இருக்கின்றன.

இன்னொரு விஷயம், சரக்கு. ஸ்டாண்ட் அப் செய்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தேற்ற ஒரு வருஷம் ஆகும் என்பார்கள். சின்னச் சின்ன இடங்களில் சொல்லிச் சொல்லி, விழாததை எடுத்து, ஒரு வார்த்தையை மாற்றி, மறுபடியும் சொல்லித்தான் அது பழுக்கும். தம்பியின் ஃபேன் ஐட்டம் பதினோரு தடவை சொன்னபிறகு வந்தது. முதல் தடவை ஆறு விநாடி நிற்க அவனுக்கே தைரியம் வரவில்லை. டிவியில் ஒரு தடவை வந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் அது தீர்ந்த சரக்கு. அடுத்த வாரம் புதுசு கொடு, அதற்கடுத்த வாரம் புதுசு கொடு என்றால் அவன் எங்கே போவான்? வாட்ஸ்அப் ஜோக்குக்குப் போவான், புடவை கட்டிக்கொண்டு வருவான், நடுவரைக் கலாய்ப்பான், பக்கத்தில் நிற்கிற குண்டுப் பையனைப் பிடித்துக்கொள்வான். மூன்றாவது வாரத்தில் தம்பியும் அதைத்தான் செய்தான். எனக்குத் தெரிந்து அவனுக்கே பிடிக்காமல் அவன் மேடையில் செய்த ஒரே விஷயம் அது.

அந்தப் புடவை ஐட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன். "குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி" என்று நீங்கள் பல விஷயங்களுக்குக் கத்திரி போடுகிறீர்கள். போடுங்கள், கெட்ட வார்த்தை எனக்கும் வேண்டாம், என் பொண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். ஆனால் பெண்டாட்டியை நிறத்துக்காகக் கேலி செய்வது, ஆண் புடவை கட்டி இடுப்பை ஆட்டினாலே அது ஜோக், பல் தூக்கலாக இருப்பவர், வழுக்கை, குண்டு, இதெல்லாம் எப்படிக் குடும்பத்தோடு பார்க்கிற சமாச்சாரம் ஆகிறது? அந்தக் குடும்பத்தில்தானே கறுப்பான பெண்ணும் குண்டான பையனும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே நேரம் மேலே இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. 2017-ல் ஸ்டார் பிளஸ்ஸின் 'கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' நிகழ்ச்சியில் ஷ்யாம் ரங்கீலா என்கிற ராஜஸ்தான் கலைஞர் பிரதமர் மோடி மாதிரி பேசினார், பதிவும் நடந்தது, ஒளிபரப்பாகவே இல்லை, பின்னால் இணையத்தில் கசிந்துதான் நாடே பார்த்தது. 2022 ஜனவரியில் ஜீ தமிழில் சின்னப் பிள்ளைகள் செய்த ஓர் அரசியல் நையாண்டிக்கு ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன், லைசென்ஸ் உங்களுடையது, கேஸ் வந்தால் அலையப்போவதும் நீங்கள்தான். ஆனால் மந்திரியைப் பேச முடியாவிட்டால் மிச்சம் இருப்பது பெண்டாட்டி மட்டும்தானா? வாடகை வீடு, ரேஷன் கடை, பேங்க் வரிசை, கோச்சிங் கிளாஸ், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்துவது, சென்னைக்கு பஸ் ஏற்றிவிடுகிற அப்பா. யாரையும் புண்படுத்தாமல், எந்த நோட்டீஸும் வராமல் ஒரு வருஷம் ஓட்டுகிற அளவுக்கு இங்கே கிடக்கிறது.

இதெல்லாம் நடக்காததால் என்ன ஆயிற்று என்றால், நின்று பேசத் தெரிந்தவர்கள் ஓடிடிக்கும் யூட்யூபுக்கும் போய்விட்டார்கள். அலெக்சாண்டர் பாபு 2019-ல் அமேசான் பிரைமில் தனி ஆளாகப் பாடிப் பேசிச் சிரிக்க வைத்ததை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்த்தது, அதுவும் அதே டிவி பெட்டியில்தான். பெட்டி ஒன்றுதான், உட்கார்ந்திருக்கிற ஆட்களும் அதே ஆட்கள்தான். ஆனால் சித்தப்பா வீட்டில் பிரைம் கிடையாது. சந்தா கட்டி, பாஸ்வேர்ட் போட்டு அவர் பார்க்கப் போவதும் இல்லை. அவருக்கு நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், ஓடிடிகாரர்களிடம் கேட்கவில்லை.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இருக்கிற நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை, கெட்டப், டான்ஸ், நடுவர் எல்லாம் இருக்கட்டும், அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கொடுத்தாலும் சரி, அரை மணி நேரம். நூற்றைம்பது பேர் உட்காருகிற சின்ன ஹால், முடிந்தால் சென்னைக்கு வெளியே. கூட்டத்துக்கு மேலே நாலு மைக் தொங்கட்டும், கூட்டம் இருட்டில் இருக்கட்டும். ஒரு ஆள், அவர் பழக்கி வைத்திருக்கிற இருபது நிமிடம், போட்டி இல்லை, மார்க் இல்லை. விளம்பர இடைவேளை எங்கே வரவேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், கதையின் நடுவில் வேண்டாம். எடிட் முடிந்ததும் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் "இந்த இடத்துல என்னைக் காட்டுங்க" என்று சொன்னால் காட்டுங்கள். அப்புறம், அந்த 'டொய்ங்' சத்தத்தை அன்றைக்கு மட்டும் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்துவிடுங்கள். செலவு என்று பார்த்தால் உங்கள் வழக்கமான ஒரு எபிசோடின் செட்டுக்கு ஆகிறதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

தம்பி இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறான், சனிக்கிழமைகளில், நாற்பது ஐம்பது பேருக்கு. ஃபேன் ஐட்டத்தை மட்டும் எடுத்துவிட்டான். டிவியில் பார்த்தவர்கள் அப்பா ஓட ஆரம்பித்ததுமே "ஃபேன்" என்று கத்திவிடுகிறார்களாம். புதிதாக ஒன்று தயார் செய்கிறான், சித்தப்பா முதல் முதலாக வீடியோ கால் பேசுவது பற்றி. போன வாரம் வீட்டில் செய்து காட்டினான். அதில் எட்டு விநாடி நிற்கிறான்.

நீங்கள் அப்படி ஒரு ஹால் பிடித்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேனும் டிபன் பொட்டலமும் வேண்டாம், சித்தப்பாவை நானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மூன்றாவது வரிசையில் ஒரு சீட் மட்டும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு அக்கா